பாட்டிலில் கொட்டிய மாத்திரை

மருந்துக்கடை வேலையில் மருந்துப் பெயர்களைப் படிக்க ஆறு மாதம் போதும். மனிதர்களின் திமிரைப் பொறுக்க முப்பது வருஷம் போதாது. கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் வீங்கிய என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் கடையொன்றில் நான் பட்டது இது.

இரண்டு போதும்

பனவடலிசத்திரத்துக் கருத்தபாண்டி ஆடு மேய்ப்பவர். கால் பெருவிரலில் முள் குத்திச் சீழ் பிடித்துவிட்டது. டாக்டர் எழுதியது ஐந்து நாளைக்கு. அவர் வாங்கியது இரண்டே காப்ஸ்யூல். வலி அடங்கியதும் நிறுத்துவார், வீங்கியதும் வந்து இன்னும் இரண்டு வாங்குவார். இப்படி மூன்று தடவை. அரைகுறையாக அடி வாங்கித் தப்பிய கிருமிகள் நன்றாகத் தேறிக்கொண்டன. “முழுசாகச் சாப்பிடும்” என்றால் என்னைத்தான் முறைப்பார்.

“வலி போச்சுல்லா, பெறவு எதுக்குவே மாத்திரை?”

கொல்லாத மருந்து

பிறகு முழுசாகச் சாப்பிட்டும் கேட்கவில்லை. டாக்டர் புது மாத்திரை ஒன்று எழுதினார். அதற்கும் அடங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த மாத்திரையைப் பற்றி மருந்துக் கம்பெனி ரெப் ஏற்கெனவே கடைக்கு வந்து விளக்கியிருந்தார். கிருமி, என்சைம் என்று ஒன்றைச் சுரந்து பழைய மருந்தை வெட்டிப் போடுகிறதாம். புது மாத்திரையில் பழைய மருந்தோடு இன்னொன்றும் இருக்கிறது. அது கிருமியைக் கொல்லாது. என்சைமின் வாயில் தானே போய் மாட்டிக்கொள்ளும். வாய் அடைபட்டதும் பழைய மருந்து தன் வேலையைப் பார்க்கும். ஆனால் ஈரக்காற்று பட்டால் இந்த இரண்டாவது மருந்து கெட்டுவிடும், சாப்பிடும்போதுதான் அட்டையைப் பிரிக்க வேண்டும் என்றார். ஏழாவதோடு நின்ற எனக்கே புரிந்தது. பட்டம் வாங்கிய எங்கள் முதலாளி கொட்டாவி விட்டார்.

“கொல்லாத மருந்தை என்ன எழவுக்குவே கூடச் சேத்து அனுப்புதான்?”

ஐப்பசி மழை

எந்த மாத்திரை வந்தாலும் அட்டையிலிருந்து பிதுக்கிக் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டிவைப்பது முதலாளியின் வழக்கம். கேட்டவர்களுக்கு எண்ணிப் பொட்டலம் கட்ட அதுதான் வசதியாம். வெளியே அடைமழை. புது மாத்திரையும் பாட்டிலுக்குள் போயிற்று. ரெப் சொன்னதை நினைவூட்டினேன். கடையில் நாலு பேர் நிற்கும்போது முதலாளி சொன்னார்:

“ஏழாங்கிளாஸ் தாண்டாத பய, எனக்கு மருந்து படிச்சுத் தாரியோ?”

அந்த நாலு பேரும் சிரித்த சிரிப்பை இன்னும் நான் மறக்கவில்லை. பாட்டிலிலிருந்து மாத்திரைகளை எண்ணி எடுத்தேன். கருத்தபாண்டிக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது என் கைதான்.

பனங்கிழங்கு

ஐந்தாம் நாள் வீக்கம் பாதம்வரை ஏறிவிட்டது. டாக்டர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். வெள்ளை மாத்திரைகள் பழுப்புப் புள்ளி விழுந்து நமுத்துக் கிடந்தன. அட்டை பிரிக்காததாக வாங்கி வா, இன்னும் மூன்று நாள் பார்ப்பேன், அப்புறம் கத்திதான் என்று விரட்டிவிட்டார். நொண்டிக்கொண்டு கருத்தபாண்டி வந்தபோது முதலாளி சாப்பிடப் போயிருந்தார். யாரையும் கேட்காமல் புதுப் பெட்டியை உடைத்து முழு அட்டையாகக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வீக்கம் இறங்கியது. விரல் தப்பியது. தை மாதம் ஒரு கட்டுப் பனங்கிழங்கோடு வந்து முதலாளி கையில் கொடுத்துக் கும்பிட்டார் கருத்தபாண்டி. முதலாளியும் கூசாமல் வாங்கிக்கொண்டார். பிறகு கருத்தபாண்டி என் பக்கம் திரும்பினார்.

“இந்த அண்ணாச்சி கடை அட்டை மாத்திரைலதான் என் காலு பொழச்சுது. நீரு கட்டித் தந்தீரே பொட்டலம், அது வெறும் சுண்ணாம்புவே!”

அன்றிலிருந்து அந்த இரண்டாவது மருந்தை என் சொந்தக்காரனாகவே நினைத்துவருகிறேன், ஏனென்றால் போய் மாட்டிக்கொள்வது அது, பேர் வாங்குவது பக்கத்தில் இருப்பவன்.