காய்ந்த துணியைக் காயப்போட்டவள்

போர்ட் கார்வியில் காற்று எப்படி அடிக்கும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு முறை பாதிரியாரின் கம்பளி உள்கால்சட்டையைக் கொடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் நார்வேயில் போட்டுவிட்டது. சில நாள் கழித்து அது தபாலில் திரும்பி வந்தது, இஸ்திரி போட்டு. அந்தக் காற்றை நம்பித்தான் மினா ஸ்லேட்டர் வாழ்நாள் முழுக்கத் துணி துவைத்தாள்.

முழுப்பெயர் வில்லியமினா. மகன் பிறப்பான் என்று வில்லியம் என்ற பெயரைத் தயாராக வைத்திருந்த அப்பா, பெயரை வீணாக்க மனமில்லாமல் ஒரு வாலை ஒட்டிவிட்டார். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வருஷம் உருளைக்கிழங்கு மசித்துப் பரிமாறியவள். ஊரில் இன்று தலை நரைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவளிடம் "தட்டைக் காலி பண்ணு" என்று அதட்டு வாங்கியவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவன் ஒருவன் இருந்தான். கிழங்கில் உப்புக் குறைவு என்று அவன் சொன்னதோடு பேச்சு முடிந்துவிட்டதாகக் கேள்வி.

கடற்கரைத் தெருவில், மாடியில் இரண்டு அறை. தோட்டம் கிடையாது. எதிரே துணித்திடல். புல், இரும்புக் கம்பங்கள், கம்பத்துக்குக் கம்பம் கட்டிய கொடிகள், அவ்வளவுதான். ஒரு காலத்தில் திங்கட்கிழமை காலை அங்கே நின்றால் ஊரின் உள்ளாடை வரலாறே தெரியும். இப்போது வருவது இரண்டு பேர். மினா, இன்னொருத்தி எல்ஸ்பத் லெக்.

இருவருக்கும் சேர்ந்து ஒரே கிளிப் பை. கொடியைத் தூக்கி நிறுத்தும் கவைக்கம்பும் ஒன்றுதான். மழை வந்தால் யார் முதலில் பார்க்கிறாளோ அவள் ஓடிப்போய் இரண்டு பேர் துணியையும் எடுத்துவிட வேண்டும். யாரும் பேசி வைத்துக்கொண்டது அல்ல. எல்ஸ்பத்தின் புருஷன் செத்த அன்று மழை பெய்தது. அன்றைக்கும் மினா துணியை எடுத்து, மடித்து, வாசலில் வைத்துவிட்டுத்தான் துக்கம் கேட்க உள்ளே போனாள்.

ஊர் மன்றத்திலும் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எல்ஸ்பத் தலைவர். மாதம் ஒரு முறை நகர மண்டபத்துப் பின்னறையில் கூடுவார்கள். எரியாத தெருவிளக்கு, குளிர்காலத்தில் பனி உறைந்த தெருவில் தூவும் உப்புப் பெட்டியை நிரப்பாதது, கிறிஸ்துமஸ் மரத்துக்கு யார் ஏணி தருவது, நாய் அசிங்கம். போலீஸ் அறிக்கை வரும்: ஒரு சைக்கிள் காணவில்லை, ஒரு சைக்கிள் கிடைத்தது, இரண்டும் ஒரே சைக்கிள். சர்ச் சாலையில் ஒரு பள்ளம். அதை மூடச் சொல்லி எழுதி எழுதி அலுத்துப்போய், மீன் வண்டிக்காரன் சாண்டி மெயர் ஒரு வருஷம் அதற்குப் பிறந்தநாள் கேக் வைத்தான்.

இந்த மன்றத்துக்கு மினா கொடுத்த சீதனம் ஒரு விதி. யாருக்கு ஒரு விஷயத்தில் சொந்த நலன் இருக்கிறதோ அவர் எழுந்து சொல்லிவிட்டு, பேசி முடிக்கும்வரை வெளியே போக வேண்டும். விதி புத்தகத்தில் முன்பே இருந்ததுதான். ஆனால் அதை உயிரோடு எழுப்பி நடக்க வைத்தவள் மினா. கடற்காகத் தொல்லை பற்றிப் பேசிய அன்று, தலையில் எச்சம் வாங்கியவர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அத்தனை பேரும் போய்விட்டார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு ஆங்கிலேயர் மட்டும் மிஞ்சி, தன்னந்தனியாக, ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்.

வெளியே போகிறவர்கள் சமையலறைக்குப் போவார்கள். கூட்ட அறைக்கும் சமையலறைக்கும் நடுவே தேநீர் எடுத்துக் கொடுக்க ஒரு சின்ன ஜன்னல். அதன் பலகைக் கதவு உப்புக்காற்றில் உப்பிப்போய் ஒருநாளும் சரியாக மூடியதில்லை. அதனால் போகிறவர் உடனே பெரிய கெட்டிலைப் போட வேண்டும் என்பது மரியாதை. அந்தக் கெட்டில் கொதிக்கத் தொடங்கினால் உயிர்காக்கும் படகு கிளம்புகிற மாதிரி உறுமும். உள்ளே பேசுவது ஒன்றும் கேட்காது. முடிவெடுத்துத் திரும்பக் கூப்பிடும்போது தேநீரும் தயாராகியிருக்கும்.

ஜூன் மாதக் கூட்டத்தில் அந்த விஷயம் வந்தது. துணித்திடலில் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு, வட கடற்கரை சுற்ற வருகிறவர்கள் படுத்துத் தூங்குகிற வேன்கள் நிற்க இடம் செய்யலாமா, ஊர் மன்றத்தின் கருத்து என்ன என்று மாவட்டக் கவுன்சில் கேட்டிருந்தது. ஊர் மன்றம் சரி என்றால் கம்பம் போகும், வேண்டாம் என்றால் இருக்கும்.

அதற்கு முந்தைய திங்கட்கிழமையே இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் சேர்ந்தே எந்திரிப்போம்டி," என்றாள் எல்ஸ்பத், வாயில் ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டு. "நீ கெட்டிலைப் போடு, நான் ஷார்ட்பிரெட் பிஸ்கட்டைப் பிரிக்கிறேன். நாம திரும்பி வர்றதுக்குள்ள அவங்களே வேண்டாம்னு முடிச்சிருப்பாங்க."

"உன் நாற்காலியில யாரு உக்காருவா?"

"சாண்டி உக்காரட்டும். அது அவனைத் தாங்குதான்னும் பாத்துடலாம்."

அன்று எல்ஸ்பத்தின் படுக்கை விரிப்புகளிலிருந்து லாவெண்டர் வாசனை வந்தது. குளிர்காலத்திலிருந்தே அப்படித்தான். முன்பு ஒரு முறை மினா கேட்டதற்கு, "புது சோப்பு," என்று சொல்லியிருந்தாள்.

கூட்டத்தில் துணித்திடல் என்ற பெயர் வந்ததும் மினா எழுந்தாள்.

"தலைவர் அவர்களே, இதுல எனக்குச் சொந்த நலன் இருக்கு. நான் அங்க துணி காயப்போடுறவ. வெளிய போறேன்." கூட்டத்தில் அவள் எல்ஸ்பத்தை அப்படித்தான் கூப்பிடுவாள், வெளியே வந்தால் எல்ஸி.

"குறிச்சுக்கிட்டோம்," என்றாள் எல்ஸ்பத். எழுந்திருக்கவில்லை.

மினா நின்றாள். கண்ணால் ஜாடை காட்டினாள். எல்ஸ்பத் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"தலைவர் அவர்களுக்கும் இருக்கே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மினா."

"அப்ப திங்கக்கிழமை திங்கக்கிழமை எம்பக்கத்துல வந்து நிக்கறது யாரு? உன் ஆவியா?"

சாண்டி களுக்கென்று சிரித்தான். எல்ஸ்பத் சிரிக்கவில்லை.

"நான் இப்பல்லாம் அங்க காயவைக்கறதில்ல. புத்தாண்டுக்குத் துணி உலர்த்துற மிஷின் வாங்கிட்டேன். வெளிய போ மினா. இது நீ பிடிச்ச பிடி."

அவள் பிடித்த பிடிதான். போனாள். சமையலறையில் கை பழக்கத்தில் கெட்டிலின் பொத்தானைத் தட்டியது. அது தொண்டையைக் கனைத்து உறுமத் தொடங்கிய நேரத்தில், பலகை இடுக்கு வழியாகத் தன் பெயர் கேட்டது. தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றை மினா அப்போது செய்தாள். கெட்டிலை அணைத்தாள்.

"அங்க துணி போடுறது ரெண்டே பேரு," என்று எல்ஸ்பத் சொல்லிக்கொண்டிருந்தாள். "அதுல ஒருத்தி நான். நான் கொண்டுபோறது மிஷின்ல காஞ்ச துணி. அதைக் கொடியில போட்டு, திரும்ப எடுத்து மடிச்சு வீட்டுக்குக் கொண்டு வர்றேன். மினாவுக்காக."

"காஞ்சதையா?" இது சாண்டி.

"மொறமொறன்னு காஞ்சதை. அவ கை பட்டுடக் கூடாதேன்னு கடைசிக் கொடியா பாத்துப் போடுறேன்."

சிரிப்பு வந்தது. முதலில் சாண்டி, பிறகு எல்லோரும். கெட்ட சிரிப்பு இல்லை. ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பார்களே, அந்த மாதிரி. மினாவுக்குக் காது சுட்டது.

"வேனுக்கு இடம் குடுத்தா துறைமுகத்துக் கக்கூஸைத் திறந்து தர்றோம்னு கவுன்சில் சொல்லுது. பூட்டி மூணு வருஷம் ஆச்சு. அவசரம்னா ஜனங்க சாண்டியோட மீன் வண்டிக்குப் பின்னாலதான் ஒதுங்குறாங்க."

"அதான் வியாபாரம் சரியில்லையா!" மறுபடி சாண்டி.

"சிரிக்காதீங்கப்பா. ஒருத்தியோட திங்கக்கிழமைக்காக ஊரு முழுக்க அடக்கிக்கிட்டு இருக்க முடியுமா?"

நாற்காலிகள் முனகின. கைகள் உயரும்போது அந்த நாற்காலிகள் அப்படித்தான் முனகும், மினாவுக்குத் தெரியும். எத்தனை கை என்று எண்ணிப்பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு முனகின.

கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். எல்ஸ்பத் நேராக அவள் முகத்தைப் பார்த்து, மெல்லிய குரலில் சொன்னாள்:

"நாங்க எவ்வளவோ பேசிப் பாத்தோம் மினா. மன்றம் வேனுக்குச் சரின்னு போயிடுச்சு. எனக்கே மனசு கேக்கல."

மினா தன் நாற்காலியில் உட்கார்ந்து பாவாடையைச் சரி செய்தாள். சங்கடத்தைக் கலைக்கிற எண்ணத்தில் சாண்டி எழுந்துபோய் ஜன்னல் பலகையைத் தூக்கினான்.

"என்ன மிஸ் ஸ்லேட்டர், டீ எங்க?"

"தண்ணி சுடவைக்கல."

சாண்டியின் கை பலகையிலேயே நின்றது. சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். கெட்டிலிலிருந்து ஒரு துளி ஆவி இல்லை. திரும்பி எல்ஸ்பத்தைப் பார்த்தான். ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டார்கள். கடைசியாகப் புரிந்துகொண்டது எல்ஸ்பத். அல்லது முதலிலேயே புரிந்துகொண்டு கடைசியாகத் தலை தூக்கினாள். அவள் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது.

"அடுத்தது என்ன?" என்றாள் மினா. "பள்ளமா?"

பள்ளம்தான். பேசினார்கள். அன்றைக்கு அந்தப் பள்ளத்தைப் பற்றி அத்தனை மரியாதையாகப் பேசியதுபோல் அதற்கு முன்பும் பேசியதில்லை, பின்பும் பேசியதில்லை.

திங்கட்கிழமை மினா கூடையோடு இறங்கியபோது, எல்ஸ்பத் முன்பே வந்து கடைசிக் கொடியில் தன் விரிப்புகளைப் போட்டு முடித்திருந்தாள். மினாவின் கொடிக்குக் கவைக்கம்பும் கொடுத்து வைத்திருந்தாள். மினா தன் கொடியைத் தாண்டி நேராக அங்கே போய் ஒரு விரிப்பைக் கையால் பிடித்துப் பார்த்தாள். மொறமொறவென்று இருந்தது. லாவெண்டர், சோப்பு இல்லை, மிஷின் வாசனை.

"காஞ்ச துணியை எதுக்குக் காயப்போடுறீங்க, தலைவர் அவர்களே?"

"அப்படிக் கூப்பிடாதடி." எல்ஸ்பத் முழங்காலைத் தடவினாள். "காலு முடியலடி. ஈரக்கூடையைத் தூக்கிட்டு அந்தப் படியில ஏறி இறங்க முடியல. மிஷின் வாங்கினேன். உங்கிட்ட சொல்ல வாய் வரல. நீ தனியா நிப்பியேன்னுதான் இதெல்லாம்."

"அதை நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம். மொதல்ல சாண்டிகிட்ட சொன்ன."

"நான் சிரிக்கல மினா. அவங்கதான் சிரிச்சாங்க."

"சிரிக்கற மாதிரி சொன்னது யாரு?"

எல்ஸ்பத் ஒரு விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"வேனு வரட்டும்," என்றாள் மினா. "கக்கூஸு வேணும்தான். எனக்கும்தான் அவசரம் வருது. நீ எம்மூஞ்சிக்கு நேரா கை தூக்கியிருந்தா நானும் உம்மூஞ்சிக்கு நேரா ரெண்டு வார்த்தை திட்டிட்டு டீ போட்டுக் குடுத்திருப்பேன். எத்தனை திங்கக்கிழமை எல்ஸி? எம்பக்கத்துல நின்னு, காத்து நல்லா இருக்கு, சீக்கிரம் காஞ்சிடும்னியே. எது காயும்? உனக்கு எது காய வேண்டியிருந்துச்சு?"

எல்ஸ்பத் கிளிப் பையை எடுத்து நீட்டினாள். மினா தனக்கு வேண்டிய கிளிப்புகளை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்தாள். எல்ஸ்பத் திடலிலிருந்து மேலேறும் படியின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வீட்டுக்குப் போனாள். அவள் இடுப்பைச் சாய்த்து ஒரு காலை இழுத்து நடப்பதை மினா அன்றைக்குத்தான் கவனித்தாள். கவனித்தது இன்னும் கோபத்தைக் கூட்டியது. இதையும் மறைத்துத்தானே நடந்திருக்கிறாள்.

மத்தியானம் போல கரையின் முனைக்கு அப்பால் கடல் கறுத்தது. ஜன்னலில் நின்ற மினாதான் முதலில் பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். முதல் துளிகள் விழுவதற்குள் தன் துணியெல்லாம் எடுத்தாகிவிட்டது. கடைசிக் கொடியில் நான்கு வெள்ளை விரிப்புகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. கால் தானாகவே அந்தப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டது. நின்றாள். கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பினாள்.

மாடிக்கு வந்து சேரும்போது மழை கொட்டியது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். படபடப்பு நின்றுபோய் விரிப்புகள் கனத்துத் தொங்கின. கொடி தாழ்ந்து தாழ்ந்து அவற்றின் ஓரம் புல்லைத் தொட்டது. புத்தாண்டுக்குப் பிறகு முதல் முறையாக எல்ஸ்பத் லெக்கின் விரிப்புகள் துணித்திடலில் ஈரமாக இருந்தன.

கீழே தெருவில் யாரோ காலை இழுத்துக்கொண்டு வரும் சத்தம். பிறகு குரல்.

"மினா! மினா, துணிடீ! என்னால அவ்வளவு தூரம் ஓட முடியாதுடீ! மினா!"

மினா ஜன்னலை விட்டு நகர்ந்து அடுப்படிக்குப் போனாள். அவள் வீட்டுக் கெட்டில் சின்னது, மண்டபத்துக் கெட்டில் மாதிரி உறுமாது. நிறைய தண்ணீர் பிடித்துப் பொத்தானைத் தட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே காதைச் சாய்த்து, அது சத்தம் போடத் தொடங்கும்வரை நின்றாள்.