உட்காராத அத்தை

அந்த நாற்காலியைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. மெரூன் ரெக்சின் தைத்த, கைப்பிடி வைத்த குஷன் நாற்காலி. குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, ஃபேக்டரி வாசலில் மைக் வைத்து அதைப் பரிசாகக் கொடுத்தார்கள். "இந்தம்மா உக்காந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லீங்க. இனியாவது உக்காரட்டும்னுதானுங்க இந்தச் சேர்" என்றார் மேனேஜர். எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோவுக்காக உட்காரச் சொன்னபோது அத்தை, "ஐயோ, ஏலாதுங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார்கள். அத்தையும் சிரித்தாள். ஆனால் அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாரம் முழுவதையும் ஒரு தொடையில் வைத்திருந்தது. கை கைப்பிடியை நெரித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரி உட்காருவது எனக்குத் தெரியும். சில வருடங்களாக நானும் அப்படித்தான் உட்காருகிறேன்.

அத்தையும் அப்பாவும் சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அப்பா பள்ளிக்கூடம் போய்ப் பேச்சை மாற்றிக்கொண்டார். அத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவளுக்குக் கடைசிவரை லைன் வீடு லயம்தான், முடியாது என்பது ஏலாதுதான். மலையில் மற்றவர்கள் எல்லாம் 'முடியாதுங்க' என்று சொல்லும்போது இவள் மட்டும் ஏலாது, ஏலாது என்பது எல்லோருக்கும் வேடிக்கை. இங்கேயே பிறந்த பிள்ளைகளான நாங்கள் அதை விளையாட்டுப் பேச்சாக்கிக்கொண்டோம். எங்களுக்குப் படிக்க ஏலாது, தண்ணீர் பிடிக்க ஏலாது, கடைக்குப் போக ஏலாது. அதாவது மாட்டோம். கொஞ்ச காலத்தில் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே இல்லாமல் போனது. அத்தை "உக்கார ஏலாது" என்று சொன்னால், உட்கார மாட்டேன் என்கிறாள் என்று நினைத்தோம். அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் பரிமாறிக்கொண்டே இருந்தாள். என்ன சுறுசுறுப்பு என்று ஊரே மெச்சியது. "அத்தையப் பாரு, ஒரு நிமிஷம் உக்காருதா?" என்று சொல்லிச் சொல்லியே அம்மா எங்களை வளர்த்தாள்.

நான் ஊட்டியில் ஒரு போர்டிங் ஸ்கூலில் பி.டி. டீச்சர். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தேன். மேட்டில் ஓட்டம், பிறகு வயிற்றுக்கான பயிற்சிகள். ஓடும்போது ஒன்றும் தெரியாது. சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தால், இரண்டு தொடைக்கும் நடுவே உள்ளே யாரோ நெருப்புக் கங்கு வைத்து அழுத்துவது மாதிரி எரியும். ஒன்றுக்குப் போனாலும் வலி. கணவரோடு இருப்பதும் வலி. நின்றால் கொஞ்சம் தேவலாம், அதனால் நின்றேன். நின்றபடியே ரெஜிஸ்டர் எழுதினேன். பி.டி. டீச்சர்தானே, நிற்காமல் என்ன செய்வாள் என்று யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாக்டரிடம் போனேன். அந்த இடத்தைச் சொல்ல நம் பேச்சில் கௌரவமான ஒரு சொல் இருக்கிறதா? வசவுக்கு இருக்கிறது, வேண்டிய மட்டும் இருக்கிறது. நான் இடுப்பு வலி என்றேன். இடுப்புக்கு பெல்ட் கொடுத்தார். அடுத்தவரிடம் அடிவயிறு என்றேன். ஸ்கேன் எடுத்தார், ஒன்றுமில்லை என்றார், குழந்தை பெற்றால் இதெல்லாம் சகஜம் என்றார். மூன்றாமவர் என் முகத்தையே பார்க்காமல், "டெய்லி நல்லா எக்சர்சைஸ் பண்ணுங்கம்மா, சரியாயிரும்" என்றார். எக்சர்சைஸ் பண்ணித்தானய்யா இங்கே வந்து நிற்கிறேன் என்று கத்தியிருக்க வேண்டும். தேங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் அந்தத் தேங்க்ஸை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோயம்புத்தூரில் ஒரு பிசியோதெரபி அம்மாதான், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "உட்கார்ந்தா வலிக்குதா? நின்னுட்டே பேசறீங்களே?" என்று கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன். மூத்திரப் பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்குகிற தசைகள் மூடிய கை மாதிரி இறுகிக் கிடக்கின்றன, நான் செய்த பயிற்சிகள் அவற்றை இன்னும் இறுக்கிவிட்டன என்றார். பலப்படுத்த வேண்டாம், முதலில் தளர்த்த வேண்டும். அவர் சொன்னபடி இப்போதும் செய்கிறேன். காலை நாற்காலிமேல் தூக்கிப் போட்டுப் படுத்து, வயிறு எழும்பும்படி மெதுவாக மூச்சை இழுத்து விடுகிறேன். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். ஓட்டத்தை நடையாக்கி, மேட்டை விட்டுச் சமதளத்தில் நடக்கிறேன். முழுதாகக் குணமாகவில்லை. நல்ல வாரம் வரும், ஆசையில் கொஞ்சம் கூடுதலாக ஓடிவிட்டால் மறுநாள் வலி வந்து குந்திக்கொள்ளும். ஆனால் அது என்ன வலி என்று தெரிகிறது. அது தெரியாமல் இருந்த நாட்களில்தான் எனக்குப் பைத்தியம் பிடிப்பது போல இருந்தது.

விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் அத்தையை அடுப்படிக்கு இழுத்துப் போய், "உக்காந்தா எங்க வலிக்குது?" என்று நேராகவே கேட்டேன். அவள் கதவைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். கல்யாணமான புதிதில் எஸ்டேட் விளையாட்டு விழாவில், முதுகில் கூடையோடு மேட்டில் ஏறும் பந்தயம் வைத்தார்களாம். அத்தைதான் முதல். எவர்சில்வர் குடம் கொடுத்தார்களாம். மறுநாள் ஆரம்பித்த வலி. டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் சுளுக்கு என்று தைலம் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு மலையேறிக் கொழுந்தெடுத்த ஒவ்வொரு நாளும் சாயங்காலம் இதே எரிச்சல்.

"ஏன் அத்தை யார்ட்டயும் சொல்லல?"

"சொன்னேனே புள்ள. ஏலாதுன்னு சொல்லிக்கிட்டேதானே இருந்தேன். ஒங்க மாமாகிட்டயும்தான் சொன்னேன். உக்கார ஏலாது, படுக்க ஏலாதுன்னு. திமிருன்னு அடிச்சாரு."

மாமா செத்துப் பல வருடம் ஆகிறது. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன். அந்த மேனேஜர்மேல், கம்பவுண்டர்மேல், வலியில் துடித்தவளைச் சுறுசுறுப்பு என்று மெச்சிய ஊர்மேல் கோபப்படுகிறேன். அப்பாவிடம் போய்ச் சத்தம் போட்டேன். "அக்காவுக்கு வேலைன்னா உசுருன்னு நெனச்சேன்மா" என்றார். அவருக்கு ஏலாது என்பதன் அர்த்தம் தெரியாதா? அவர் தாய் பேசிய பேச்சுத்தானே அது?

அத்தையோ மறுவாரமே தற்காலிகக் கூலியாகத் திரும்பவும் மலைக்குப் போகப் பேசி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால், "வூட்ல இருந்தா எல்லாரும் உக்காரு, உக்காருன்னுவாங்க புள்ள" என்றாள். மறுபடி மேடேறினால் அந்த உடம்பு என்ன ஆகும்? சண்டை போட்டேன், கெஞ்சினேன், கடைசியில் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனேன். பிசியோதெரபி அம்மா பரிசோதித்துவிட்டு, எனக்கு இருப்பதுதான் என்றும், ரொம்ப நாளாக இறுகியது, மெதுவாகத்தான் விடும், ஆனால் விடும் என்றும் சொன்னார். "அப்ப இது நெசமான வலிதானா?" என்று அத்தை கேட்டாள். "நிஜம்தாங்கம்மா" என்றார் அவர். அத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியது. சீட்டுகள் காலியாகக் கிடக்க, அத்தை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நானும் நின்றேன். கண்டக்டர் வந்தார்.

"ஏனுங்கம்மா, இத்தன சீட்டு காலியா கெடக்குது. வளைவுல விழுந்து போடுவீங்க, உக்காருங்க."

"ஏலாது தம்பி."

அவர் சிரித்தார். "அதென்னங்க, உக்கார மாட்டேன்னு அடம்?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. வாயைத் திறந்தேன். அத்தை என் கையை அழுத்தி நிறுத்தினாள். வாழ்நாளில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாட்டேன்னு சொல்லல தம்பி. ஏலாதுன்னு சொன்னேன். உக்காந்தா எனக்கு வலிக்குது."