வாழைப்பழப் பெட்டியில் வந்த தவளை

அந்தக் குளிர்காலத்தில் அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க்கடையின் மரக்கறிப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஓயாத தோள்வலி. விட்பியில் இருந்த வீட்டிலிருந்து பனிக்குள் கார் ஓட்டி வந்து சேரும்போதே பாதிச் சீவன் போயிருக்கும்.

ஒருநாள் காலை, எக்குவடோரிலிருந்து வந்த வாழைப்பழப் பெட்டியைத் திறந்து ஒரு சீப்பைத் தூக்கினேன். அடியில் உள்ளங்கை அளவில் ஒரு மண்நிறத் தவளை. விரல் நுனிகள் வட்டமாக உப்பி, பழத்தைப் பற்றியிருந்தன. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு தொண்டை துடித்தது.

"உந்தத் தவளையை வெளியிலை எறியுங்கோ அக்கா. சனம் கண்டால் கடைக்குக் கூடாது" என்றார் முதலாளி.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"எறிஞ்சா விறைச்செல்லோ செத்துப்போகும்" என்றாள் என்னோடு வேலை செய்த மட்டக்களப்புப் பெண். "அதுவும் அகதிக் கேஸ் போடத்தான் வந்திருக்கோ தெரியாது."

சிரித்தோம். சிரிப்பதற்கும் களைப்பாக இருந்தது.

தயிர் வாளி ஒன்றில் ஈரத்துணி விரித்து, மூடியில் துளையிட்டு, தவளையை அதில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அடுத்த நாள் லீவு. படுத்துக் கிடக்க வேண்டிய பகலில், தெரிந்த இடமெல்லாம் ஃபோன் அடித்தேன். நோய் இருக்கலாம், வந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப ஏலாது என்றார்கள். கடைசியில் ஒரு விலங்குக் காப்பகத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

அங்கிருந்த பெண் அதைப் பார்த்ததும் ஆண் என்றாள். தென்னமெரிக்காவின் வடமேற்குக் கரையோரக் காடுகளில், ஓடைகளை அண்டிய மரங்களில் வாழும் இனமாம். மழைக்காலத்தில் ஆண் இறங்கி வந்து ஓடைக்கரைச் சேற்றில் வட்டமாகக் குழி தோண்டும். அதில் ஊறும் தண்ணீரில்தான் பெண் முட்டையிடும். வேறு ஆண் வந்தால் சண்டை பிடித்துக் காவல் காக்கும். காட்டை அழித்து வாழை நட்ட பிறகும் எப்படியோ சமாளித்து இருந்துவிடுமாம்.

பனி கரைந்த பிறகு ஒருநாள், வேலை முடிந்து போகும் வழியில் காப்பகத்தில் இறங்கினேன். கண்ணாடித் தொட்டியில் ஈரச்சேறு போட்டிருந்தார்கள். ஓரத்தில் அழகான ஒரு வட்டக் குழி. அதன் நடுவில் தவளை அசையாமல் இருந்தது. இந்த ஊரில் அதன் இனத்துப் பெண் ஒன்றும் இல்லை. அப்படியும் தோண்டியிருக்கிறது. நின்று பார்த்ததில் கால் உளைந்தது, வந்துவிட்டேன்.

அடுத்த நாள் கடையில் மட்டக்களப்புப் பெண் கேட்டாள்: "உசிரோட இருக்கா?"

"ஓம், இருக்குது" என்றேன். அடுத்த வாழைப்பழப் பெட்டியைத் திறந்தேன்.