மூன்று அச்சகங்களும் ஒரு பிளேட் சென்டரும்

1. சின்ன வேலை

“மூணு பிரஸ் மேடம். நேர்ல போய்ப் பார்த்து, சைபர் செக்யூரிட்டில யாரு ஃபர்ஸ்ட், யாரு லாஸ்ட்னு ராங்க் போட்டுக் குடுத்துடுங்க. சின்ன வேலைதான்.”

நான் சேர்ந்த முதல் நாள் மேலாளர் பிரகாஷ் இப்படித்தான் சொன்னார். திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் தலை நரைத்து ரிடையர் ஆனவள் நான். வீட்டில் உட்கார்ந்து டிவியோடு சண்டை போடப் பிடிக்காமல் தில்லை நகரில் இருந்த அந்த ஆடிட் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். கணக்கு ஆடிட் இல்லை, கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆடிட். சின்ன வேலை என்று மேலாளர் எவராவது சொன்னால் எழுந்து ஓடிவிட வேண்டும். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வயிற்றெரிச்சல்தான் அதிகம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். சில பள்ளிகளை நடத்தும் ஒரு நிர்வாகம், தன் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான கேள்வித்தாளை வெளி அச்சகத்தில் அடிக்க முடிவு செய்தது. பரீட்சைக்கு முன்னால் தாள் வெளியே கசிந்துவிடக் கூடாது. அதனால் மூன்று சிறிய அச்சகங்களை ஒப்பிட்டு, யாருடைய கம்ப்யூட்டரை நம்பலாம் என்று சொல்லும்படி எங்களிடம் கேட்டது. முதலிடம் வருகிறவருக்கு வருஷம் முழுக்க வேலை.

2. ‘ஸ்ரீ’யைத் தின்கிற ஆன்டிவைரஸ்

முதலில் ஸ்ரீரங்கத்தில் ரங்கராஜனுடைய அச்சகத்துக்குப் போனேன். உபன்யாச நோட்டீஸ், சஷ்டியப்தபூர்த்திப் பத்திரிகை எல்லாம் அவரிடம்தான். வாசலில் கேமரா. உள்ளே விரல் வைத்தால் திறக்கிற கதவு.

“வாங்கோ மேடம், ஒக்காருங்கோ. தீர்த்தம் சாப்பிடறேளா?”

கம்ப்யூட்டரைத் திறந்தால் ஆன்டிவைரஸ் அணைந்து கிடந்தது. ஏன் சார் என்றேன்.

“அந்தச் சனியன் எங்க தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரையே வைரஸ்னு சொல்லித் தின்னுடறது மேடம். ஒரு நாள் காலம்பற வந்து பாக்கறேன், ‘ஸ்ரீ’ அடிச்சா கட்டம் கட்டமா வர்றது. பெருமாள் திருநாமத்துக்குப் பதிலா கட்டம் போட்டு அடிக்க முடியுமோ? அன்னிக்கே ஆஃப் பண்ணிட்டோம்.”

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இது நம் ஊர் அச்சகங்களுக்கே உரிய வியாதி. அந்தப் பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர், எவரோ எப்போதோ காப்பி எடுத்து, கைமாறிக் கைமாறி வந்தது. நாம் தட்டும் எழுத்தை நடுவில் பிடித்துத் தமிழாக்கிக் கொடுப்பது அதன் வேலை. பாஸ்வேர்ட் திருடுகிற வைரஸும் நாம் தட்டும் எழுத்தை நடுவில்தான் பிடிக்கிறது. ஆன்டிவைரஸுக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழ் வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா என்று வந்தால் அச்சகக்காரர் தமிழைத்தான் எடுத்துக்கொள்வார். அதற்காக அவரைத் திட்டவும் முடியவில்லை.

“இதுவரைக்கும் வைரஸ் அட்டாக் ஏதாவது நடந்திருக்கா சார்?”

“பெருமாள் கிருபை, அந்தப் பேச்சே இல்ல.”

ஆன்டிவைரஸை அணைத்து வைத்தவர் கண்ணுக்கு வைரஸ் எப்படித் தெரியும்? உறையூர் அச்சகத்திலும் இதே கதைதான். அங்கே கூடுதலாக, டிசைன் போடும் கம்ப்யூட்டரிலேயே முதலாளியின் பேங்க் வேலையும் குடும்ப வாட்ஸ்அப்பும் ஓடின. அவரும், “சுத்தமா ஒண்ணும் வந்ததில்ல மேடம்” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

3. ‘ஆமா, வந்துச்சு’

மூன்றாவது, பாலக்கரையில் ஜமீலாவின் அச்சகம். கணவர் குவைத்தில் வேலை பார்க்க, அச்சகத்தை இவர்தான் நடத்துகிறார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் புரூஃப், வாயில் ஆட்களுக்கு அர்ச்சனை. எனக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. அதே கேள்வியை இவரிடமும் கேட்டேன்.

“ஆமா மேடம், வந்துச்சு. கல்யாணப் பத்திரிகை மேட்டர்னு ஒரு மெயில். ஆப்பரேட்டர் திறந்துட்டாரு. அவ்வளவுதான், எல்லா ஃபைலும் பூட்டிக்கிச்சு. நிக்காஹ் பத்திரிகை, பில் புக், பழைய டிசைன், ஒண்ணு மிச்சமில்ல. பேக்கப் டிஸ்க்க கம்ப்யூட்டர்லயே சொருகி வச்சிருந்தோம், அதுவும் சேர்ந்து போச்சு. நான் அழுத அழுகை அல்லாவுக்குத்தான் தெரியும்.”

பட்டுத் தெளிந்தவர். தமிழ் டைப்பிங் உள்ள கம்ப்யூட்டருக்கு இப்போது நெட் கிடையாது. நெட் உள்ள கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் ஓடுகிறது, அதில் டிசைன் வேலை கிடையாது. பேக்கப் டிஸ்க் வேலை முடிந்ததும் பீரோவுக்குள் போய்விடுகிறது. ஆளுக்கொரு பாஸ்வேர்ட். ரகசிய வேலைக்குத் தனி அறை, செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அவருக்கு இதையெல்லாம் யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை.

“கல்யாண சீசன் முடிஞ்சா மெஷின் சும்மா நிக்குது மேடம். பாதிப் பேரு பத்திரிகைய வாட்ஸ்அப்லயே அனுப்பிடுறாங்க. இந்தக் கொஸ்டின் பேப்பர் வேலை கிடைச்சா அவர குவைத்லேர்ந்து வரச் சொல்லிடலாம்னு இருக்கேன். பிள்ளைங்க ரெண்டும் அத்தாவ வீடியோ கால்லயே பார்த்து வளருதுங்க. சின்னதுக்கு அவரு நேர்ல எவ்வளவு உயரம்னே தெரியாது.”

ராங்க் போட வந்தவள் இதையெல்லாம் காதில் வாங்கக் கூடாது. வாங்கிக்கொண்டேன்.

4. பிளேட் ரெடியா?

கிளம்பும்போது, “டிசைன் முடிஞ்சதும் ஃபைல் எங்க போகும்?” என்று கேட்டேன்.

“பிளேட் போடணும்ல மேடம். அந்த மெஷின் வாங்குற வசதி நமக்கு ஏது? பிளேட் சென்டருக்கு அனுப்பிடுவோம்.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆஃப்செட்டில் அச்சடிக்க, பக்கங்களை முதலில் ஓர் அலுமினியத் தகட்டில் ஏற்றவேண்டும். அதுதான் பிளேட். அதற்கான மெஷின் விலை சின்ன அச்சகங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பொதுவான ஒரு கடைக்கு ஃபைலை அனுப்பி பிளேட்டாக வாங்கிக்கொள்கிறார்கள். ரங்கராஜனுக்கும் உறையூருக்கும் போன் போட்டுக் கேட்டேன். மூன்று பேரும் ஒரே பிளேட் சென்டரின் பெயரைச் சொன்னார்கள்.

நேரே அங்கே போனேன். ஒரே ஒரு கம்ப்யூட்டர். எத்தனையோ அச்சகங்களின் வேலை அதன் டெஸ்க்டாப்பில் கொட்டிக் கிடந்தது. ஃபைனல், ஃபைனல் ஃபைனல், லாஸ்ட் ஃபைனல், இதுதான் ஃபைனல். எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தவை. மெஷின் மக்கர் செய்தால் வெளியூர் சர்வீஸ்காரர் அங்கிருந்தே உள்ளே நுழைந்து பார்க்க, ரிமோட் எந்நேரமும் திறந்திருந்தது.

“வேலை முடிஞ்சதும் ஃபைல அழிக்க மாட்டீங்களா?” என்று ஆப்பரேட்டர் செல்வத்திடம் கேட்டேன்.

“எப்படி மேடம் அழிக்கிறது? பிளேட் கீறிடுச்சு, திரும்பப் போட்டுக் குடுங்கன்னு வந்து நிப்பாங்க. மெஷின் சாஃப்ட்வேரே உள்ள ஒரு காப்பி எடுத்து வச்சுக்கும். எப்ப வந்து கேட்டாலும் எடுத்துக் குடுப்போம்ல!”

பெருமையாகச் சொன்னார். அடக் கடவுளே என்றிருந்தது எனக்கு. மூன்று வீட்டுப் பூட்டுகளில் எது நல்ல பூட்டு என்று பார்க்க வந்திருக்கிறேன், மூன்று வீட்டு நகையும் சந்தையில் ஒரே பாயில் கிடக்கிறது.

5. ஸ்கோப்

ரிப்போர்ட்டில் ஜமீலாவுக்கு முதலிடம் கொடுத்தேன். அட்டாக் நடந்ததா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றதற்காக எங்கள் கம்பெனி முறைப்படி அவருக்கு மார்க் குறைந்தது. ‘இல்லை’ என்ற மற்ற இருவருக்கும் முழு மார்க். அப்படியும் அவர்தான் முதலில் வந்தார். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, பிளேட் சென்டரைச் சரிசெய்யாதவரை இந்த ராங்க்குக்கு அர்த்தமே இல்லை என்று எழுதியிருந்தேன். பள்ளி ஃபைலுக்கு அங்கே நெட் இல்லாத தனிக் கம்ப்யூட்டர் வேண்டும், உள் காப்பியையும் அழிக்கவேண்டும் என்றும் எழுதினேன்.

பிரகாஷ் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“மேடம், கிளையன்ட் கேட்டது பிரிண்டிங் பிரஸ்ஸ கம்பேர் பண்ணச் சொல்லி. பிளேட் சென்டர் பிரிண்டிங் பிரஸ்ஸா?”

“ஃபைல் அங்கதானே தம்பி போகுது?”

“அது நம்ம ஸ்கோப்ல இல்ல. இத முதல்ல போட்டா, அப்ப எதுக்குய்யா உங்களுக்கு ராங்க் போடக் காசுன்னு கேப்பாங்க. விடுங்க, கடைசில தனியா சேர்த்து அனுப்பிடுறேன்.”

சரி என்று விட்டேன். வேலை ஜமீலாவுக்குக் கிடைத்தது.

“அல்ஹம்துலில்லாஹ்! மேடம், அவரு அங்க வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. சின்னது இப்பவே தெருவுல எல்லார்கிட்டயும் அத்தா வர்றாரு அத்தா வர்றாருன்னு சொல்லிட்டுத் திரியுது!”

பிளேட் சென்டரைப் பற்றி அவரிடமும் எச்சரித்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தானே பென் டிரைவோடு போனார். பிளேட் வரும்வரை மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உள் காப்பியையும் அழிக்கச் சொல்லிக் கேட்டார். “எல்லாம் அழிச்சாச்சுக்கா” என்றார் செல்வம். டெஸ்க்டாப்பில் இருந்ததை மட்டும்தான் அவர் அழித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

6. நாலாம் பக்கத்தின் பக்கத்தில் முதல் பக்கம்

பரீட்சைக்கு முந்தின நாள் கணக்குத் தாள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. பள்ளி அலுவலகத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். தாளாளர், பிரகாஷ், நான், ஜமீலா. தாளாளர் எங்கள் ரிப்போர்ட்டை மேஜையில் தட்டினார்.

“இந்தம்மா பிரஸ்ல ஏற்கெனவே வைரஸ் அட்டாக் நடந்திருக்குன்னு உங்க ரிப்போர்ட்டே சொல்லுது. மத்த ரெண்டு பேருக்கும் அப்படி எதுவும் இல்ல. பிறகு எப்படி இவங்களுக்கு ஃபர்ஸ்ட் ராங்க்?”

“கடைசிப் பக்கத்தப் பாருங்க சார்” என்றேன்.

புரட்டினார். பிளேட் சென்டர் என்ற வார்த்தையே அதில் இல்லை. பிரகாஷைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்துக்கு, வயது மட்டும் குறைவாக இருந்திருந்தால் கையை ஓங்கியிருப்பேன்.

போனில் பரவிய படத்தைத் தாளாளர் முன்னால் வைத்தேன். “சார், இது அச்சான பேப்பர போட்டோ எடுத்தது இல்ல. நிழலோ மடிப்போ எதுவும் கிடையாது, நேரா கம்ப்யூட்டர் ஃபைல். நாலாம் பக்கத்துக்குப் பக்கத்துல முதல் பக்கம் இருக்கு பாருங்க. ஓரத்துல வெட்டுக் கோடு. தாள மடிச்சா வரிசையா வர்றதுக்காக இப்படி ஜோடி சேர்க்குறது பிளேட் சென்டர்ல. இவங்க குடுத்தது தனித்தனி பக்கம். ஃபைல் வெளிய போனது இவங்க பிரஸ்லேர்ந்து இல்ல.”

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நாலு, ஒன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளை மடித்தும் பார்த்தார். மனிதருக்குப் புரிந்துவிட்டது, சத்தியமாகப் புரிந்துவிட்டது.

“சரி மேடம். நீங்க சொல்றது கரெக்ட்தான். ஆனா நாளைக்கு பேரன்ட்ஸ் கேட்ல வந்து நிப்பாங்க. பிளேட் சென்டர்னு சொன்னா யாருக்குப் புரியும்? பிரஸ்ஸ மாத்திட்டோம்னு சொன்னாதான் அடங்குவாங்க.”

ஜமீலா எழுந்து நின்றார். “சார், நான் தப்பு பண்ணலன்னு உங்களுக்கே தெரியுதுல்ல?”

“தெரியுதும்மா. அதுக்காக ஒண்ணும் செய்யாம இருக்க முடியுமா?”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதைப் பழமொழியாகத்தான் அதுவரை கேட்டிருந்தேன். அங்கிருந்து நேரே பிளேட் சென்டருக்குப் போனேன். செல்வம் கம்ப்யூட்டரை ஃபார்மட் அடித்து முடித்திருந்தார். “அன்னிக்கு டெஸ்க்டாப்ல இருந்தத மட்டும்தான் மேடம் அழிச்சேன். இப்ப முதலாளிதான் சுத்தமா துடைக்கச் சொன்னாரு.” ரிமோட் வழியாக யாராவது நுழைந்து எடுத்தார்களா, உள்ளே இருந்த எவராவது அனுப்பினார்களா என்று இனி எவனாலும் சொல்ல முடியாது.

வேலை ரங்கராஜனுக்குப் போயிற்று. அவரைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். “நீங்க சொல்றது வாஸ்தவம் மேடம். ஆனா பிளேட்டுக்கு வேற எங்க போறது?” என்றார். அவர் மேல் தப்பில்லை. அடுத்த பரீட்சைத் தாளும் அதே பிளேட் சென்டருக்குத்தான் போனது, வாட்ஸ்அப்பில்.

7. கற்றது

நான் வேலையை விட்டுவிட்டேன். பிரகாஷுக்குப் பதவி உயர்வு என்று கேள்விப்பட்டேன், நன்றாக இருக்கட்டும்.

பிள்ளைகளே, சின்னக் கம்பெனிகளை ஒப்பிடச் சொன்னால், அவர்கள் கம்ப்யூட்டரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஃபைல் போகிற இடமெல்லாம் கூடவே போங்கள். அட்டாக் நடந்ததே இல்லை என்பவரிடம், எப்படித் தெரியும் என்று கேளுங்கள். நடந்தது என்று சொல்பவருக்கு மார்க் குறைக்கச் சொன்னால் சண்டை போடுங்கள். ரிப்போர்ட் போகும்போது கடைசிப் பக்கம்வரை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பாடம் என்றால் இவ்வளவுதான்.

போன மாதம் பாலக்கரைக்குப் போயிருந்தேன். ஜமீலா டீ வாங்கிவரச் சொன்னார். கணவர் வரவில்லை. விட்ட வேலையைக் கெஞ்சிக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு குவைத்திலேயே இருக்கிறார். சின்னதிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

“ஒரு காலேஜ்லேர்ந்து வேலை வர்ற மாதிரி இருக்கு மேடம். அவங்களும் செக்யூரிட்டி பார்க்க நாளைக்கு ஆள் அனுப்புறாங்களாம். முன்னாடி ஏதாச்சும் நடந்திருக்கான்னு கேப்பாங்கல்ல?”

“கேப்பாங்க.”

“எதுவுமே நடந்ததில்லன்னு சொல்லப் போறேன்.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

“தயங்காம சொல்லுங்க ஜமீலா” என்றேன். “தயங்கினாதான் எங்க ஆளுங்க நோண்டுவாங்க.”