முக்காடு போட்ட இரண்டு தலைகள்

நன்னிலம் போகும் சாலையில், முக்கூட்டில் டீக்கடை வைத்திருக்கும் அகிலாண்டம் சிரித்தால் முன்பல் ஒன்று இருக்காது. அதை உடைத்தவர் அவள் புருஷன் துரைராசு. கலியாணமான புதிதில் ஜோடியாகச் சினிமாவுக்குப் போனார்கள். திரையில் வசன நடிகர் அழுதார், அகிலாண்டமும் அழுதாள். குற்றம் அவ்வளவுதான். துரைராசு கத்திச்சண்டை நடிகரின் மன்றத் தலைவர். "அவனுக்காடி அழுவுற?" என்று திரும்பும் வழியில், வாய்க்கால் கரையில் வைத்து முகத்திலேயே குத்தினார்.

நடிகர்களின் பெயர் இங்கே வேண்டாம். இருவரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அந்த ஊரில் ஒருவர் பெயரை முதலில் சொல்லி மற்றவர் பெயரைப் பின்னால் சொன்னால் இன்றைக்கும் மண்டை உடையும்.

வசன நடிகரின் மன்றத்துக்குத் தலைவன் வேறு யாருமில்லை, அகிலாண்டத்தின் கூடப் பிறந்த தம்பி இளஞ்செழியன். மச்சான்கள் இருவரும் பேரன் எடுத்தும் திருந்தவில்லை. போஸ்டரில் சாணி அடித்த ஒரு தகராறில் துரைராசு சைக்கிள் செயினைச் சுழற்றித் தம்பியின் காதைக் கிழித்தார். பதிலுக்கு அவன் ஆட்கள் அரிவாளோடு வந்தார்கள். துரைராசுவின் சுண்டுவிரல் போயிற்று. "அடுத்த தடவ கழுத்துதான்" என்று இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருந்தார்கள். இவர் கழுத்தா, அவன் கழுத்தா என்ற பயத்தோடுதான் அகிலாண்டம் தினமும் அடுப்பு மூட்டினாள்.

சாலையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு நடிகர்களுக்கும் மார்பளவு சிமெண்டுச் சிலை உண்டு. செய்த கொத்தனார் கெட்டிக்காரர். ஒரே அச்சில் இரண்டையும் வார்த்து, ஒன்றுக்கு மட்டும் வர்ணத்தில் மெல்லிய மீசை இழுத்துவிட்டு, இரண்டு மன்றத்திடமும் முழுக் கூலி வாங்கிப் போய்விட்டார். நினைவுநாள் வந்தால் மாலை, சூடம், ஒலிபெருக்கி, அப்புறம் அடிதடி.

இந்த முறை துரைராசு கண் ஆபரேஷனுக்குத் தஞ்சாவூர் போயிருந்த சமயம், சாலையோரம் வடிகால் கட்ட வந்தவர்கள் இரண்டு சிலையையும் பீடத்திலிருந்து பெயர்த்து டீக்கடைச் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மறுநாளே தேர்தல் அறிவிப்பு. சிலைகளை மூட வந்த ஊழியர்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரி வெள்ளைத் துணி சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தவள் அகிலாண்டம். எது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

துரைராசு கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கடை பெஞ்சில் இளஞ்செழியன் உட்கார்ந்திருந்தான்.

"முக்காடு போட்டதுக்கப்புறந்தான் மச்சான், ஒங்க ஆளு மூஞ்சில கொஞ்சம் நடிப்பு தெரியுது."

கடையே சிரித்தது. துரைராசு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாலைச் சட்டியோடு தூக்கி அவன் மேல் வீசினார். கழுத்திலிருந்து மார்பு வரை தோல் வெந்து சுருண்டது. இளஞ்செழியன் அலறிக்கொண்டு தெருவுக்குள் ஓடினான். "டேய், அரிவாள எடுங்கடா!" என்று தன் பிள்ளைகளைக் கூப்பிட்டது கடைக்குக் கேட்டது.

துரைராசுவுக்கு அதுவும் போதவில்லை. வடிகால் பள்ளத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்தார். "அவனுங்க வர்றதுக்குள்ள அவன் ஆளு தலைய எறக்குறேன்." இரண்டு முக்காட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. முடிச்சை அவிழ்க்கிற பொறுமை அவருக்கு ஏது?

"ஏய், இதுல எதுடி அவன்?"

அகிலாண்டம் டீ வடிகட்டியைக் கீழே வைத்தாள். வசன நடிகரின் தலை விழுந்தால் அடுத்து விழுவது இவர் தலை. அதற்கப்புறம் தம்பி ஜெயிலில் கிடப்பான். பயம்தான், ஆனால் பயம் மட்டுமில்லை. வயிற்றுக்குள் இத்தனை வருஷம் கிடந்த ஆத்திரம் ஒன்றும் கூடவே ஏறி வந்தது. விரலை நீட்டினாள்.

"இந்தா, இதுதாங்க."

கடப்பாரை இறங்கியது. துணி கிழிந்தது, மூக்கு தெறித்தது. வெறி அடங்காமல் மறுபடி மறுபடி போட்டார். தலை கம்பியை விட்டுக் கழன்று அவர் காலடியில் விழுந்தது. மூச்சிரைக்கக் குனிந்து துணியை உரித்தார். மெல்லிய மீசை. வருஷா வருஷம் அவர் கையாலேயே வர்ணம் தீட்டிய மீசை.

இளஞ்செழியனின் பிள்ளைகள் அரிவாளோடு ஓடி வந்தபோது துரைராசு நடுரோட்டில் உட்கார்ந்து, உடைந்த தலையை மடியில் வைத்துக் கதறிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்த இளஞ்செழியன், முழுசாக நின்ற மற்ற சிலையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"இதுக்கு மேல நாம வெட்டறதுக்கு என்னடா இருக்கு? என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றான்.

அவர்கள் போன பிறகு துரைராசு கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "தெரிஞ்சேதான் கைய காட்டுனியா?"

"தெரிஞ்சேதான்." அகிலாண்டம் கவிழ்ந்து கிடந்த பால் சட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "நல்லா அழுவுங்க. நான் பல்ல ஒடைக்க மாட்டேன்."