ஒரு சொல்லை மட்டும் திருத்தக் கேட்டவர்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நோர்வேயில் ட்வெய்ட்டா என்ற இடத்தில் ஒரு கடைக்குள் இருந்த தபால் மேசையில் வேலை செய்தேன். நெடிய நோர்வேஜியர் ஒருவர் அடிக்கடி பதிவுத் தபால் அனுப்ப வருவார். கோடையிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டியிருப்பார். உறையைத் தருமுன் முகவரியை விரல் வைத்து இருமுறை வாசிப்பார். எப்போதும் இராணுவ அலுவலக முகவரிதான்.

ஒருநாள் காரணம் கேட்டேன். இளவயதில் லெபனானில் அமைதிப்படையில் இருந்தாராம். குடிபோதையில் காவலை விட்டுப் போனவர் என்று விடுவிப்புப் பத்திரத்தில் எழுதி, இடையிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். அதைத் திருத்தக் கேட்டுத்தான் இத்தனை கடிதங்கள்.

அந்தப் பனிக்காலத்தில் பதில் வந்தது. கொண்டுவந்து காட்டினார். பழைய குறிப்பு முழுவதையும் நீக்கி, நன்னடத்தையுடன் விடுவிக்கப்பட்டவர் என்று புதுப் பத்திரம் கொடுத்திருந்தார்கள்.

"வெண்டிட்டீங்கள்!" என்றேன்.

"இல்லை. இதைத் திருப்பி அனுப்பவேணும்."

"ஏன்? எல்லாத்தையும் அழிச்சுப்போட்டினமே."

"அதுதான் பிழை. நான் குடிக்கேல்லை. ஆனா காவலை விட்டுப் போனது உண்மை. அதை அழிக்கச் சொல்லி நான் கேட்கேல்லை."

"எங்கை போனனீங்கள்?"

"ஒரு வீட்டுக்கு," என்றார். "மிச்சத்தை அவையளுக்கே நான் சொல்லேல்லை. உமக்கும் சொல்லமாட்டன்."

சிரித்தபடி பதிவுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். பிறகு நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அவர் கேட்டபடி கிடைத்ததா, தெரியாது.

என் அகதிப் பத்திரத்தில் பிறந்த வருடம் பிழையாக விழுந்தது. அது எனக்கு வசதியாக இருந்ததால் திருத்தக் கேட்கவேயில்லை. தனக்குச் சாதகமான ஒரு பொய்யை அந்த மனிதரால் ஏன் வைத்திருக்க முடியவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன்.