வீசிய மெத்தை

மூட்டைப்பூச்சி அப்பிக்கிடந்த என் மெத்தையை இன்று காலை ஷிப்டுக்குப் போகும்போது தெருமுனையில் வீசிவிட்டுப் போனேன். தையல் இடுக்கெல்லாம் கறுப்புக் கறுப்பாக எச்சம். நசுக்கிய விரலின் நாற்றம் மதியம் கேன்டீன் சோற்றிலும் அடித்தது.

சாயங்காலம் ஓசூர் அறைக்குத் திரும்பினால், ஹவுஸ் ஓனர் அக்கா பக்கத்து அறைக் கட்டிலில் அதே மெத்தையை விரித்துக்கொண்டிருக்கிறார்.

"யாரோ நல்ல மெத்தைய வீசிட்டுப் போயிருக்காங்க பாருப்பா. நாளைக்கு உத்தனப்பள்ளிப் பையன் ரூமுக்கு வர்றான், அவனுக்கு ஆச்சு."

"அக்கா, வீசினதே நான்தான். அதுல முழுக்க மூட்டைப்பூச்சி."

அக்கா அசரவில்லை.

"பாத்தேன்பா. அதான் மாடியில போட்டு நல்லாத் தட்டிட்டேன். எல்லாம் உதிர்ந்துருச்சு."

"மாடியில எங்கக்கா?"

"உன் யூனிபார்ம் காயுதுல்ல, அதுக்குப் பக்கத்துலதான்."

இன்று போட்டது அழுக்கு; மாற்றிக்கொள்ள என்னிடம் இருப்பது அந்த ஒரு யூனிபார்ம்தான். நாளைக்குக் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் யாருக்கு வேண்டும், கமெண்டில் சொல்லுங்கள்.